மண்ணீரலில் ஒரு பாடபேதம்

‘சலாபம்’ என்ற சொல் இன்று தூத்துக்குடியில் பெரும்பாலும் முதியவர்களின் பேச்சில்தான் புழங்குகிறது. மன்னார் வளைகுடாவின் அடியில் ‘பார்’ என்று சொல்லப்படும் பாறைத் திட்டுகள் உண்டு. அங்கே முத்துச்சிப்பி விளைந்து முற்றியதும் அரசாங்கம் நாள் குறித்துக் குளிப்புக்குத் திறந்துவிடும். அந்தப் பருவம்தான் சலாபம். நம் பக்கத்துக் கடலில் கடைசிச் சலாபம் 1961-இல் நடந்தது.

நான் தூத்துக்குடி மில்லர்புரத்துக்காரன். துறைமுகத்துக்குப் போகும் லாரிகளின் இரைச்சலும் உப்புக் காற்றும் எங்களுக்குப் பழக்கம். ஆனாலும் சிறுவயதில் முத்து என்னைப் பெரிதாகக் கவர்ந்ததில்லை. அதை எடுத்து வந்த ஆளைப் பற்றித்தான் கேட்டுக்கொண்டே இருப்பேன். தோணியிலிருந்து தொங்கும் கயிற்றில் ஒரு கல். அந்தக் கல்லில் காலை ஊன்றி, மூச்சை இழுத்து அடக்கி, கல்லின் கனத்திலேயே சரசரவென்று இறங்குவார். பத்து மீட்டர், சில இடங்களில் அதற்கும் மேல். அடியைத் தொட்டதும் கல்லை விட்டுவிட்டு, எட்டிய மட்டும் சிப்பியை அள்ளி வலைப்பையில் போடுவார். கயிற்றைச் சுண்டினால் மேலே இருப்பவர் இழுத்துவிடுவார். இவ்வளவும் ஏறத்தாழ ஒரு நிமிடம். கொஞ்சம் இளைப்பாறிவிட்டு மறுபடி அதே இறக்கம். ஒரு நாளில் பல பத்து முறை.

கொற்கை முத்தைச் சங்க நூல்கள் பாடின. ‘எரித்ரேயக் கடல் பயணம்’ என்ற பழைய கிரேக்கக் குறிப்பு, கொற்கையில் முத்துக்குளிக்கத் தண்டனைக் கைதிகளைப் பயன்படுத்தினார்கள் என்கிறது. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ முத்துக்குளிப்பை விரிவாக எழுதி வைத்திருக்கிறார். இரண்டாயிரம் ஆண்டுகளாக ஒரு கடற்கரை மனிதர்கள் மூச்சை அடக்கிக் கடலுக்குள் போய் வந்திருக்கிறார்கள். அப்படியானால் அந்தக் கடல் அவர்களுடைய உடம்புக்குள் ஏதாவது எழுதி வைத்திருக்குமா? கேள்வி கவித்துவமாகத் தோன்றலாம். ஆனால் மரபணுவியலில் இது சோதித்துப் பார்க்கக்கூடிய, துல்லியமான கேள்வி. தென்கிழக்காசியாவில் ஓர் இடத்திலும் கிழக்காசியாவில் ஓர் இடத்திலும் சோதித்தும் விட்டார்கள்.

முதலில் உங்கள் உடம்பிலேயே ஒன்றைப் பாருங்கள். இதய நோய் இல்லாதவர்கள் மட்டும் செய்தால் போதும், பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். அகன்ற பாத்திரத்தில் ஐஸ் போட்ட தண்ணீர் எடுத்து, மூச்சை அடக்கி முகத்தை அதில் முக்குங்கள். பக்கத்தில் இருப்பவர் உங்கள் மணிக்கட்டு நாடியைப் பிடித்து எண்ணட்டும். சில நொடிகளில் துடிப்பு மெதுவாகும். நீங்கள் சொல்லி அது நடப்பதில்லை. முகத்தில் குளிர்நீர் பட்டு மூச்சும் நின்றால், “நீருக்குள் போகிறோம்” என்று உடம்பு தானே தீர்மானித்துவிடுகிறது. இதயம் தன் வேகத்தைக் குறைக்கிறது. கை கால்களுக்குப் போகும் இரத்தக் குழாய்கள் சுருங்கி, இருக்கும் பிராணவாயுவை மூளைக்கும் இதயத்துக்கும் மிச்சப்படுத்துகின்றன. மூன்றாவதாக, வயிற்றின் இடப்பக்க மேல்மூலையில் விலா எலும்புக்கு அடியில் ஒதுங்கிக் கிடக்கும் மண்ணீரல் சுருங்குகிறது.

மண்ணீரலை நாம் பெரும்பாலும் நினைப்பதே இல்லை. மலேரியாவில் வீங்கும், விபத்தில் கிழிந்தால் எடுத்துவிடுவார்கள், அவ்வளவுதான் பலருக்கும் தெரியும். அதற்குள் சிவப்பணுக்கள் நிறைந்த இரத்தம் சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது. மூச்சு நின்றதும் மண்ணீரல் பிழிந்த துணி போலச் சுருங்கி அந்தச் சிவப்பணுக்களை ஓட்டத்தில் விடுகிறது. பிராணவாயுவைச் சுமப்பவை அவைதாம். இதனால் இரத்தம் சுமக்கும் பிராணவாயு 9 விழுக்காடு வரை கூடும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அண்டார்க்டிகாவில் வெகுநேரம் மூழ்கும் வெட்டெல் சீல்களுக்கு மண்ணீரல் மிகப் பெரியது. அப்படியென்றால் தலைமுறை தலைமுறையாக மூழ்கும் மனிதர்களுக்கு?

இந்தக் கேள்வியோடு மெலிஸ்ஸா இலார்டோ என்ற முனைவர் பட்ட மாணவி கோபன்ஹேகனிலிருந்து இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவுக்குப் போனார். அங்கே பஜாவ் என்ற கடலோடி மக்கள் வாழ்கிறார்கள். ஆயிரம் ஆண்டுகளாகவோ அதற்கு மேலாகவோ கடலே அவர்களுக்கு வீடு. மரத்தில் செய்த கண்ணாடியும் இடுப்பில் எடைக்கட்டியுமாக 70 மீட்டர் வரைகூட இறங்குவார்கள். வேலை நேரத்தில் பாதிக்கு மேல் நீருக்கடியில் கழிப்பவர்கள். இலார்டோ கையோடு எடுத்துப்போனவை இரண்டு: தூக்கிச் செல்லத்தக்க ஸ்கேன் கருவி, உமிழ்நீர் சேகரிக்கும் குப்பிகள். 59 பஜாவ் மக்களின் மண்ணீரலை அளந்தார். பக்கத்திலேயே நிலத்தில் பயிர் செய்து வாழும் சாலுவன் மக்களில் 34 பேரையும் அளந்தார். முடிவுகள் 2018-இல் ‘செல்’ ஆய்விதழில் வந்தன. பஜாவ் மக்களின் மண்ணீரல் ஏறத்தாழ 50 விழுக்காடு பெரியது.

ஆனால் இந்த ஆய்வின் உயிர் அந்த 50 விழுக்காட்டில் இல்லை. ஓடுகிறவனுக்குக் கால் தசை திரள்கிறது, கொல்லனுக்குத் தோள் திரள்கிறது. தினமும் மூழ்குகிறவருக்கு மண்ணீரல் பெரிதானால் அதைப் பழக்கம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். இலார்டோ மூழ்காத பஜாவ் மக்களையும் அளந்திருந்தார். பள்ளி ஆசிரியர், கடைக்காரர் போல, கடலில் இறங்கியே பழகாதவர்கள். அவர்களுக்கும் மண்ணீரல் பெரியதாகவே இருந்தது. பழக்கமே இல்லாதவருக்கு வந்தது பிறப்பில் வந்ததாகத்தானே இருக்க வேண்டும்?

பிறப்பில் வந்தது எது என்று தேடுவதற்குத்தான் உயிரித் தகவலியல் வேண்டும். மனித மரபணுத் தொகுதி ஏறத்தாழ 300 கோடி எழுத்து நீளம், எழுத்துகளோ நான்கே. கருவி அதை முழுசாக வாசித்துத் தருவதில்லை. துண்டு துண்டாக, கோடிக்கணக்கான துணுக்குகளாகத் தருகிறது. தமிழருக்கு இதை விளக்க வேறு உவமை தேட வேண்டியதில்லை. உ.வே.சா. கரையான் அரித்த ஏடுகளை ஊர் ஊராகத் தேடி எடுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எந்த ஏட்டில் எந்தச் சொல் மாறியிருக்கிறது என்று குறித்துக்கொண்டாரே, அதே வேலைதான் இது. பதிப்பாசிரியர் ‘பாடபேதம்’ என்று எழுதுவதை மரபணு ஆய்வாளர் ‘மாறுபாடு’ என்று எழுதுகிறார். உடைந்த துணுக்கை அது எந்த வரியில் சேரும் என்று கண்டு பொருத்துவது முதல் வேலை. எந்த எழுத்து பேதப்படுகிறது என்று குறிப்பது அடுத்தது. இத்தனை கோடி எழுத்துகளை மனிதக் கண் ஒப்பிட்டுத் தீராது, கணினி நிரல்கள் ஒப்பிடுகின்றன.

ஏடுகளைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். இரண்டு ஏடு ஒன்றோடொன்று மாறுபட்டால் எது மாறியது என்று சொல்ல முடியாது. மூன்றாவது ஏடு வேண்டும். மூன்றில் இரண்டு ஒத்துப்போய் ஒன்று மட்டும் விலகினால், மாற்றம் அந்த ஒன்றில்தான் நேர்ந்திருக்கும் என்று ஊகிக்கலாம். பஜாவ், சாலுவன் இருவரோடு சீனாவின் ஹான் மக்களை மூன்றாவது ஏடாக வைத்து ஒப்பிட்டார்கள். மற்ற இருவரும் ஒத்திருக்க, பஜாவ் மட்டும் வெகுதூரம் விலகிய இடங்கள் தேறின. அவற்றில் ஒன்று பிடிஇ10ஏ என்ற மரபணுவின் பக்கம் இருந்தது. அந்தப் பாடபேதம் உள்ளவர்களுக்குத் தைராய்டு சுரப்பு கொஞ்சம் கூடுதல். எலிகளில் தைராய்டு சுரப்புக்கும் மண்ணீரலின் அளவுக்கும் தொடர்பு இருப்பது முன்பே தெரிந்த செய்தி. கழுத்தில் இருக்கும் சுரப்பி வயிற்றில் இருக்கும் உறுப்பை வளர்க்கிறது, அந்த உறுப்பு கடலடியில் சில நொடி மூச்சைக் கொடுக்கிறது. எனக்கு இந்தச் சங்கிலியைப் படித்த அன்று இரவு தூக்கம் பிடிக்கவில்லை.

கொரியாவின் ஜேஜூ தீவுச் செய்தி இன்னும் புதியது. அங்கே மூழ்குபவர்கள் பெண்கள். ‘ஹேன்யோ’ என்று பெயர். பனிக்காலத்திலும் இறங்கிக் கடற்பாசியும் சிப்பியும் எடுப்பார்கள், கர்ப்பமாக இருக்கும்போதும் விடமாட்டார்கள். 2016-இல் யுனெஸ்கோ அவர்களின் பண்பாட்டை மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்தது. இன்று மூழ்குபவர்களில் பெரும்பாலோர் பாட்டிமார்கள். இலார்டோவின் குழு இவர்களையும், மூழ்காத ஜேஜூ பெண்களையும், கொரியப் பெருநிலத்துப் பெண்களையும் ஒப்பிட்டு 2025-இல் வெளியிட்டது. பாட்டிமார்களை நடுக்கடலில் சோதிக்க முடியாது. அதனால் குளிர்நீர்ப் பாத்திரத்தில் முகத்தை முக்கச் சொல்லித்தான் சோதித்தார்கள். நீங்கள் வீட்டில் செய்து பார்த்த அதே சோதனை.

விடை இரண்டாகப் பிரிந்து வந்தது. மூழ்கும் பெண்களின் இதயத்துடிப்பு மற்றவர்களைவிட அதிகமாக இறங்கியது. மூழ்காத ஜேஜூ பெண்களிடம் அவ்வளவு இறக்கம் இல்லை. ஆகவே அது ஆயுள் முழுக்கச் செய்த பயிற்சி. ஆனால் மூழ்கும்போது ஏறும் இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணு மாறுபாடு, மூழ்குபவர் மூழ்காதவர் என்ற பேதமின்றி ஜேஜூக்காரர்களிடம் பரவலாக இருந்தது. பெருநிலத்தில் அது குறைவு. ஒரே உடம்பில் பயிற்சி ஒரு பாதியும் பிறப்பு ஒரு பாதியும் வேலை செய்கின்றன. கர்ப்பக் காலத்தில் அழுத்தம் ஏறுவது தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து என்பதால், மூழ்கிய தாய்மாரின் வழியே இந்த எழுத்து தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம்.

எல்லாவற்றுக்கும் மரபணுவைக் காரணம் சொல்லும் ஆசை நமக்கு வரக்கூடாது என்பதற்கு ஒரு கதை. தாய்லாந்துக் கடலோரத்து மோகன் இனக் குழந்தைகள் நீருக்கடியில் கண்ணாடி இல்லாமலே துலக்கமாகப் பார்ப்பார்கள். ஸ்வீடன் ஆய்வாளர் அன்னா கிஸ்லேன் 2003-இல் அதை அளந்தார், ஐரோப்பியக் குழந்தைகளைவிட இரண்டு மடங்கு கூர்மை. நீருக்குள் கண்மணியை மிகச் சிறியதாகச் சுருக்கிப் பார்க்கிறார்கள். பிறகு ஸ்வீடன் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். அவர்களும் அதே கூர்மையை எட்டிவிட்டார்கள்! மண்ணீரலில் கடல் எழுதியது பிறப்பில் ஒட்டியது. கண்மணியில் எழுதியது பழக்கத்தில் வந்தது. எது எது என்று அளக்காமல் சொல்ல முடியாது.

இப்போது நம் கடற்கரைக்கு வருவோம். முத்துக்குளித்தவர்களிடம் இப்படி ஏதாவது கிடைக்குமா? என் கருத்தைச் சொல்கிறேன். முத்தைவிடச் சங்கை நம்புகிறேன். முத்துச் சலாபம் வேனில் வாசலில் சில வாரங்கள் மட்டும் நடப்பது. சிப்பி விளையாவிட்டால் அதுவும் இல்லை. 1928-க்குப் பிறகு அடுத்த சலாபம் 1955-இல்தான் வந்தது. ஒரு தலைமுறைக்கே கடல் மூடிக் கிடந்தது. இயற்கைத் தேர்வு விட்டு விட்டுச் செய்யும் வேலையில் ஆழப் பதியாது. பஜாவ் மக்களைப் போல அன்றாடம் மூழ்கினால்தான் மூழ்கத் தெரிந்த உடம்புக்கும் தெரியாத உடம்புக்கும் இடையே உயிர்க் கணக்கு வேறுபடும். சங்குக்குளி முத்துச் சலாபம் போல அல்ல. முத்து இல்லாத ஆண்டுகளிலும் சங்கு உண்டு. திரேஸ்புரத்திலிருந்து சங்குக்குப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், குழாய்வழிக் காற்றை நம்பி இறங்கும் பழக்கமும் வந்துவிட்டது.

இன்னும் வடக்கே பாம்பன் பக்கம் போனால் நமக்கே நம் ஹேன்யோக்கள் உண்டு. பாசி எடுக்கும் பெண்கள். சேலைக்கு மேல் சட்டை போட்டு, விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி இறங்குவார்கள். பாறை கையைக் கிழிக்கும், திருக்கை வாலால் அடிக்கும். அவர்களின் கடல் உரிமைக்காகப் பேசிய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி விருது கிடைத்தது. ஜேஜூ பாட்டிமாரைப் பற்றி உலகம் படமெடுக்கிறது. பாம்பன் பெண்களின் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் நம் மருத்துவக் கல்லூரிகள் உட்கார்ந்து அளக்க வேண்டாமா?

அளப்பதில் ஒரு சிக்கல் நமக்கே உரியது. இங்கே மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தங்கள் கூட்டத்துக்குள்ளேயே மணம் முடித்திருக்கிறார்கள். சிறிய கூட்டம் வாசலை மூடிக்கொண்டால், எந்தத் தேர்வும் இல்லாமல் வெறும் தற்செயலாலேயே ஓர் எழுத்து பெருகிவிடும். ஒரே ஓர் ஏட்டிலிருந்து ஊர் முழுக்கப் படியெடுத்தால் அந்த ஏட்டின் பிழையும் ஊர் முழுக்கப் பரவுவது போல. ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகத்தின் குமாரசாமி தங்கராஜ் முதலியோர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், தெற்காசியாவின் 260-க்கு மேற்பட்ட குழுக்களில் 81 குழுக்களில் இந்தச் சிறுகூட்ட விளைவு அஷ்கெனாசி யூதர்களையும் பின்லாந்து மக்களையும்விடக் கடுமையாக நேர்ந்திருப்பது தெரிந்தது. ஆகவே ஓர் எழுத்து கூடுதலாக இருக்கிறது என்பதால் மட்டும் கடல் எழுதியது என்று சொல்லிவிட முடியாது. தற்செயல் மரபணுத் தொகுதி முழுவதையும் பரவலாக ஆட்டி வைக்கும். அந்தப் பொதுவான ஆட்டத்தை மீறி ஓரிடம் மட்டும் துருத்திக்கொண்டு நின்றால்தான் அதைத் தேர்வின் அடையாளமாகக் கருதலாம். அந்த வேறுபாட்டைக் கண்டுபிடிக்கும் கணக்குதான் இத்துறையின் நுட்பமெல்லாம்.

இந்தக் கணக்குத் தெரிந்தவர்கள் தமிழ்நாட்டில் இல்லாமல் இல்லை. மூன்று மணி நேரப் பயணத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகம். அங்கே ராமசாமி பிச்சப்பன் பல ஆண்டு உழைத்து இரத்த மாதிரிகள் சேர்த்தார். ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாகவே ஆஸ்திரேலியா வரை போன ஆதிமனிதர்களின் அடையாளமான எம்130 என்ற மரபணுக் குறி, மதுரைப் பக்கத்து ஜோதிமாணிக்கம் ஊர்க்காரர் ஒருவரிடம் இருப்பது அந்த உழைப்பால் தெரியவந்தது. தமிழ்நாட்டின் 31 மக்கள் குழுக்களைச் சேர்ந்த 1,680 ஆண்களின் தந்தைவழி மரபை ஆராய்ந்த கட்டுரை 2012-இல் வந்தது.

அதே பல்கலைக்கழகத்தில் இருந்த பெருந்துறை தண்டபாணி முதல் ஆசிரியராக, தங்கராஜும் பலரும் சேர்ந்து 2009-இல் வெளியிட்ட கண்டுபிடிப்பை நான் மிகப் பெரியதாக மதிக்கிறேன். இதயத் தசையின் புரதம் ஒன்றைக் கட்டும் மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போயிருக்கின்றன. இந்தியத் துணைக்கண்டத்தில் நூற்றுக்கு 4 பேரிடம் அந்த விடுபாடு இருக்கிறது. உடையவர்களுக்கு நடுவயதுக்குப் பிறகு இதயத் தசை நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஐரோப்பியரிடம் இதைத் தேடியிருந்தால் அகப்பட்டிருக்காது. ஏனென்றால் அவர்களிடம் அது இல்லை. இந்திய நோயாளிகளைப் பார்த்ததால் அகப்பட்டது.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், உலகம் ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருக்கும் மூல ஏடுகளில் நாம் எங்கே இருக்கிறோம் என்று பாருங்கள். 2015-இல் முடிந்த ‘ஆயிரம் மரபணுத் தொகுதிகள்’ திட்டத்தில் 26 குழுக்களிலிருந்து 2,504 பேர். அதில் தமிழர் 102 பேர். அந்த 102 பேரும் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்கள். உலகத்தின் எந்த ஆய்வகத்திலும் ‘தமிழர்’ என்று கணினியில் தேடினால் பல ஆண்டுகளாக முதலில் எதிர்ப்பட்டவர்கள் அவர்கள்தாம். அவர்களுக்கு நன்றி. ஆனால் மன்னார் வளைகுடாவின் இக்கரையை அக்கரையின் 102 பேர் முழுக்கச் சொல்லிவிட முடியுமா? இந்தியா தானே தொடங்கிய ‘ஜீனோம் இந்தியா’ திட்டம் 83 மக்கள் குழுக்களிலிருந்து ஏறத்தாழ 10,000 பேரின் தொகுதியை வாசித்து, 2025 ஜனவரியில் ஃபரிதாபாத் தரவு மையத்தின் வழியே ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. மூன்றாவது ஏடு இப்போது கையில் இருக்கிறது. கடற்கரையில் போய் அளப்பதுதான் பாக்கி.

அளக்க வருபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். முத்துக்குளித்தவர்கள் ஒரே சாதியார் அல்லர். பரதவர் மூழ்கினார்கள், கீழக்கரை முஸ்லிம்கள் மூழ்கினார்கள், கடையர்கள் மூழ்கினார்கள். இலங்கைச் சலாபத்துக்கு அரபு நாட்டாரும் வந்து மூழ்கினார்கள். எந்தப் பாடபேதம் கிடைத்தாலும் அது மூச்சைப் பற்றிய செய்தி. சாதிப் பெருமைக்கு அதைச் சீட்டாக எழுதித் தர வேண்டாம். மாதிரி எடுத்தவர்களிடம் முடிவைத் தமிழில் திரும்ப வந்து சொல்லுங்கள். 

கடலோரத்து வாசகர்களுக்கும் ஒன்று. குப்பியோடு ஓர் ஆய்வு மாணவர் உங்கள் வாசலுக்கு வந்தால், எதற்கு எடுக்கிறீர்கள், எங்கே வைப்பீர்கள், முடிவை எப்போது சொல்வீர்கள் என்று கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் கொடுங்கள். கல்லில் கால் ஊன்றி 1961-இல் இறங்கிய இளைஞருக்கு இன்று வயது எண்பதுக்கு மேல்.